பத்தி பதினான்கு

ஹாங்காங் கருவூலத்தில் நான் இரண்டாம் நிலைத் தட்டச்சர்.
சம்பளப் பட்டியலில் யிப் குவான்-ஹோ.
திரு. ஹெஸ்கெத்துக்கு வெறும் யிப்;
அவசரமென்றால் பெயரும் இல்லை,
பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு.

இன்று இரண்டு தட்டு.

ஓடுதளம் நீள வேண்டுமாம்.
புதிதாக வரும் விமானங்கள்
நின்று மூச்சுவிட இடம் போதவில்லை.
கௌலூனில் அவ்வளவு தரை கிடையாது,
ஆகவே மலையை வெட்டிக் கடலில் போடுவது.
பொறியாளர்கள் இதைப் பதின்மூன்றாம் பத்தியில்
ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள்.
பதினான்கு: பணம் எங்கிருந்து?

லண்டன் கடன் தரும், வட்டியில்லாமல்.
"தரும்" என்பதை ஹெஸ்கெத் அடித்தார்.
தரக்கூடும்.
தர மறுக்காது.
தருவது பொருத்தமாக இருக்கும்.
ஒவ்வொன்றையும் அடித்தேன், ரப்பரால் அழித்தேன்,
தாள் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து
விளக்கின் முன் பிடித்தபோது ஜன்னலாகிவிட்டது.
அதன் வழியே அவருடைய டை தெரிந்தது.

அல்லது, உள்ளூரில் கடன்பத்திரம் விற்கலாம்,
மூன்றரை சதவீதம், இருபது வருடம்.
என் மாமனாரிடம் பழைய பத்திரங்கள் உண்டு,
அரிசிமாவு டப்பாவின் அடியில்.
ஜப்பானியர் அச்சடித்த நோட்டுகளும் அங்கேதான்.
இரண்டுக்கும் இப்போது ஒரே வாசனை என்பார்,
மாவு வாசனை.
இதை நான் அடிக்கவில்லை.
"பொதுமக்களின் ஆர்வம் கணிக்கத்தக்கதல்ல" என்று அடித்தேன்.

அல்லது சேமிப்பு நிதி.
நீர்த்தேக்கத்துக்கென்று ஒதுக்கிய வரியிலிருந்து
பென்சிலில் ஒரு சின்ன அம்புக்குறி, மேல்நோக்கி.
நேற்று எங்கள் தெருக்குழாயில்
தண்ணீர் வந்தது நான்கு மணி நேரம்.

அல்லது பயணிகளிடம் தலைக்கு ஐந்து டாலர்
என்று தொடங்கும்போது
முகப்பில் ஒரு குரல்.

லோ சோய்-டாய். நீர்க்கீரை போடுகிறவள்.
ஓடுதளத்தின் கிழக்கு முனை வரப்போகும் இடத்தில்
அவளுக்கு மூன்று பாத்தி, ஒரு பன்றிக்கொட்டில்.
அளவுக்காரர்கள் நட்டுப்போன சிவப்புக் கழியைப்
பிடுங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.
முழங்கால் வரை சேறு.
துடைத்த தரையில் அவள் நின்ற இடம்
கொஞ்ச நேரத்துக்கு அவளுடையதாயிற்று.

"நஷ்டஈடு என்கிறார்களே,
அது யார் பணம்?"

யோசனையில் இருக்கிறது என்றேன்.

"லண்டன் பணமென்றால் கூடுதலாகக் கேட்பேன்.
கடன் வாங்கிக் கொடுப்பதென்றால்
என் மகன் அடைக்க வேண்டியது, குறைத்துக் கேட்பேன்.
இங்கத்தைப் பணமென்றால்,
தம்பி, அது நான் கட்டியதுதானே,
என் கீரைக்கு நானே விலை கொடுப்பதா?"

உள்ளேயிருந்து ஹெஸ்கெத்,
"என்ன சொல்கிறாள்?"
இருபது வருடம் இரண்டு மொழியில் பிழைத்தவன்
அன்று நான் சொன்னது:
"கழியைத் திருப்பித் தர வந்திருக்கிறாள், ஐயா."
"நல்லது" என்றார். "ரசீது கொடு."

கொடுத்தேன். கழி ஒன்று, சிவப்பு, ஈரமானது.

மாலையில் பத்தி முடிந்தது.
மேற்கண்ட வழிகளை உரிய விகிதத்தில் கலந்து.
விகிதம் பின்னர்.
ஊரார் வீட்டு நெய்யை
எந்தக் கரண்டியால் எடுப்பதென்றுதான் விவாதம்.
மூன்று பிரதி; மூன்றாவது கார்பனில்
எண்கள் புகைபோல் இருந்தன,
அதுதான் நமது கோப்புக்கு.

எட்டு மாதம் கழித்துப் பட்டுவாடா.
மலையிலிருந்து லாரிகள் வரத் தொடங்கியிருந்தன;
கல் விழும்போதெல்லாம்
கருவூலக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் அசைந்ததாக
எனக்கு மட்டும் தோன்றியது.
லோ சோய்-டாய் சொந்த மணிச்சட்டம் கொண்டுவந்திருந்தாள்.
எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
ஒரு நோட்டின் மூலை கிழிந்திருந்தது,
மாற்றச் சொன்னாள்.
மாற்றிக் கொடுத்தோம்.

கிழிந்த நோட்டு இன்னும் என் இழுப்பறையில்.
எந்தக் கணக்கில் எழுதுவதென்று
பதினான்காம் பத்தியைத் திரும்பப் படித்தேன்.
அதில் இல்லை.